பூவா தலையா

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொள்கை விவாதம் என்று ஒரு போட்டி நடக்கிறது. அதன் இறுதிச் சுற்று பேச்சில் தொடங்குவதில்லை, காசு சுண்டுவதில் தொடங்குகிறது. பூவா தலையாவில் ஜெயித்த அணி தன் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளும். தோற்ற அணிக்கு மிஞ்சிய பக்கம். ஒரு அணி தீர்மானத்தை ஒட்டிப் பேச வேண்டும், மற்றது வெட்டிப் பேச வேண்டும். நீ எதை நம்புகிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அந்தக் காசைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

என் அண்ணன் மகள் சட்டம் படிக்கிறாள். அவள்தான் இந்தப் போட்டிகளின் ஒளிப்பதிவைக் கணினியில் போட்டுக் காட்டினாள். அணிக்கு இரண்டு பேர். நாலு பேரும் ஆளுக்கு எட்டு நிமிடம் வாதம் வைக்கிறார்கள். ஒவ்வொரு எட்டு நிமிடத்துக்கும் பின்னால் மூன்று நிமிடம் குறுக்கு விசாரணை. அப்புறம் ஆளுக்கு ஐந்து நிமிடம் மறுப்புரை. கூட்டிப் பார்த்தால் 64 நிமிடம், தயாரிப்பு நேரம் தனி. இந்த நேரத்துக்குள் எல்லாத்தையும் திணிக்கிறதுக்காக நிமிடத்துக்கு 300 சொல்லுக்கு மேல் பேசுகிறார்கள். தண்ணிக்குள் முங்கி எழுந்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி இடையிடையே காற்றை உறிஞ்சிக்கொள்கிறார்கள்.

“என்னாத்துக்கு இப்படி மூச்சு முட்டப் பேசுதுங்க?” என்று கேட்டேன்.

“பதில் சொல்லாம விட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தம் சித்தப்பா. எதிராளி பத்து வாதம் வச்சா பத்துக்கும் பதில் சொல்லணும். அதான் ஓடுதுங்க” என்றாள்.

பதில் சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். இந்த விதி நமக்குப் புதுசில்லை. ஊர்க்கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற நம் தாத்தன்மார் வாய் திறந்தால் திமிரு, திறக்காவிட்டால் குற்றத்தை ஒத்துக்கிட்டான் என்றுதானே தீர்ப்பு எழுதினார்கள்.

அந்தப் போட்டியில் ஒரு வருஷம் முழுக்க ஒரே தீர்மானம்தான். அமெரிக்கக் கூட்டரசு இன்னதைச் செய்ய வேண்டும் என்கிற வடிவத்தில் இருக்கும். முதல் சுற்றுகளில் ஒரு அணி ஒருமுறை ஒட்டியும் அடுத்தமுறை வெட்டியும் பேசும். காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று வந்தபின் காசு முடிவு செய்யும். 2020-21க்கான தீர்மானம் குற்றவியல் நீதி முறையைச் சீர்திருத்துவது பற்றியது. தடய அறிவியல், போலீஸ், தண்டனை விதிப்பு என்கிற மூன்றில் ஒன்றிலோ பலதிலோ கூட்டரசு பெரிய மாற்றம் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்த விவாத வருஷம் தொடங்குவதற்கு முன்னால், 2020 மே 25 அன்று, மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரன் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றான்.

இப்போது ஒரு கறுப்பினப் பெண்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பதினாறு வயசு. அவள் அண்ணனைத் தெருவில் எத்தனை முறை நிறுத்திச் சோதனை போட்டார்கள் என்று அவளுக்குக் கணக்கு தெரியும். இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். பூவா தலையாவில் தோற்றாள். வெட்டிப் பேசும் பக்கம் வந்தது. போலீஸ் முறையைச் சீர்திருத்த வேண்டாம் என்று அவள் பேச வேண்டும்.

நியாயமாகச் சொல்லணும். வெட்டிப் பேசுவது என்றால் போலீசைத் தூக்கிப் பிடிப்பது என்று மட்டும் பொருளில்லை. இந்தச் சீர்திருத்தம் போதாது, இந்த அமைப்பே வேண்டாம் என்றும் வெட்டலாம். கிரிட்டீக் என்று அவர்கள் சொல்கிற அந்த வாதவகையை எடுத்துக்கொண்டு தப்பித்த பிள்ளைகள் உண்டு. ஆனால் வாசலில் நின்று சந்துவழி தேட வேண்டிய கட்டாயம் யாருக்கு வந்தது என்பதுதான் என் கேள்வி. எதிரில் நிற்கிற வெள்ளைக்காரப் பையனுக்குப் பூவும் ஒன்றுதான், தலையும் ஒன்றுதான். எது விழுந்தாலும் ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்குவான். காசுக்கு இரண்டு பக்கம் உண்டு, சரி. சுண்டுகிற இரண்டு பேரும் ஒரே தரையிலா நிற்கிறார்கள்?

நம்பாத பக்கத்தைப் பேசுவது சரியா என்கிற கேள்வி அந்த நாட்டில் பழசு. 1954-55இல் கல்லூரி விவாதத்துக்குக் கம்யூனிஸ்ட் சீனாவை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்று தீர்மானம் வைத்தார்கள். மெக்கார்த்தியின் வேட்டை நடந்த காலம் அது. ஒட்டிப் பேசுவதே தேசத்துரோகம் என்று பயந்து ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் தங்கள் மாணவர்களை அனுப்ப மறுத்தன. 1957இல் ரிச்சர்ட் மர்ஃபி என்கிற பேராசிரியர் வேறொரு இடத்திலிருந்து எதிர்த்தார். மேடை ஏறி ஒன்றைச் சொல்கிறவன் அதை நம்ப வேண்டும், நம்பாததைப் பேசப் பழக்குவது ஒழுக்கக்கேடு என்பது அவர் கட்சி. இரண்டு பக்கமும் பேசினால்தான் எதிராளியைப் புரிந்துகொள்வான், வெறி அடங்கும், ஜனநாயகம் வளரும் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். இன்றுவரை பள்ளிகளில் ஜெயித்து நிற்பது இந்தப் பதில்தான்.

என் அண்ணன் மகளும் அந்தக் கட்சிதான். “எதிராளி என்ன சொல்லுவான்னு தெரியாம கோர்ட்டுக்குப் போனா தோத்துடுவோம் சித்தப்பா. நம்ம ஆளுங்க கேசு பாதி அப்படித்தான் போவுது” என்கிறாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிறையில் இருந்தபோது நடந்த விவாதங்களில்தான் மால்கம் எக்ஸ் தன் நாக்கைத் தீட்டிக்கொண்டார். எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது ஒடுக்கப்பட்டவனின் ஆயுதம். பார்க்கப்போனால் நாம் பிறந்ததிலிருந்து இரண்டு பக்கமும் படித்தவர்கள்தான். ஆண்டை என்ன நினைப்பான், எப்போது கோபப்படுவான் என்று தெரியாமல் சேரியில் ஒருத்தன் உயிரோடு இருந்திருக்க முடியுமா? நம் பக்கத்தைத் தெரிந்துகொள்ளும் அவசியம்தான் ஆண்டைக்கு என்றைக்கும் வந்ததில்லை.

அப்புறம் எனக்கு என்ன உறுத்துகிறது? அதைச் சொல்ல என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1990. மண்டல் குழுப் பரிந்துரையை அமல்படுத்துவதாக வி.பி. சிங் அறிவித்த சமயம். வடக்கே பையன்கள் தீக்குளித்துக்கொண்டிருந்தார்கள். மண்டல் பரிந்துரை பிற்படுத்தப்பட்டோருக்கானது. ஆனால் தகுதி தகுதி என்று கிளம்பிய கூச்சல் நம் எல்லோர் மேலும்தான் விழுந்தது. நான் படித்த கல்லூரியில் விவாதப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, இடஒதுக்கீடு தகுதியைக் கெடுக்கிறதா என்பது. சீட்டு குலுக்கிப் போட்டார்கள். எனக்குக் கெடுக்கிறது என்று வந்தது.

பேசினேன். நல்லாவே பேசினேன். கைதட்டல் வந்தது. நடுவராக இருந்த பேராசிரியர் மேடையிலேயே சொன்னார், பலன் அனுபவிக்கிற இடத்திலிருந்து வந்த பையனே உண்மையைச் சொல்லிவிட்டான் என்று. முதல் பரிசு எனக்கு. கெடுக்கவில்லை என்று பேசிய மேல்சாதிப் பெண்ணுக்கு இரண்டாம் பரிசு. அவளுடையது பெருந்தன்மை என்றார். அதே பக்கம் பேசிய இன்னொருவன் எங்கள் தெருக்காரன். தன் அப்பன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். சொந்தக் கதை வேண்டாம்ப்பா, தலைப்புக்கு வா என்று மணி அடித்துவிட்டார்கள்.

பரிசு ஒரு எவர்சில்வர் சொம்பு. அம்மா அதைப் புளி போட்டு விளக்கி, பெயர் வெட்டியிருந்த பக்கம் தெரிகிற மாதிரி அலமாரியில் வைத்தது. “என்னாத்தடா பேசுன, இம்மாம் பெரிய சொம்பு குடுத்துருக்காங்க?” என்று கேட்டது. படிப்பைப் பற்றிப் பேசினேன்மா என்றேன். அது பொய் என்று சொல்ல முடியாது. உண்மையும் இல்லை.

அந்த மேடையில் நடந்தது எனக்குப் புரியப் பல வருஷமானது. மூன்று பேர் பேசினோம். நான் என் சனத்துக்கு எதிராகப் பேசியபோது என் பிறப்பு சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. என் தெருக்காரன் தன் சனத்துக்காகப் பேசியபோது அவன் பிறப்பு சொந்தக் கதை ஆனது, சுயநலம் ஆனது. மேல்சாதிப் பெண் அதையே பேசியபோது அது நடுநிலை. சீட்டு என்னவோ எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் மடித்திருந்தது. பிரித்துப் படித்த வாய்தான் ஒன்றாக இல்லை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கா போவோம்.

1935இல் டெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் ஊரில் இருந்த வைலி கல்லூரியின் கறுப்பர் அணி தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைத் தோற்கடித்தது. அந்தப் பல்கலைக்கழகம் அப்போது தேசிய வாகையர். அணியைப் பழக்கியவர் மெல்வின் டால்சன் என்கிற கவிஞர். ஜெயித்தும் பட்டம் வரவில்லை. பட்டம் தருகிற விவாத சங்கத்தில் கறுப்பருக்கு இடமில்லை. 2007இல் இந்தக் கதையைப் படமாக எடுத்தபோது எதிரணியை ஹார்வர்டு என்று மாற்றிக்கொண்டார்கள். தோற்றவன் பெரிய பெயராக இருந்தால்தான் ஜெயித்தவனின் வெற்றி செல்லும் போலிருக்கிறது.

1985இல் அட்லாண்டாவில் நகர்ப்புற ஏழைப் பள்ளிகளுக்கான விவாதக் கழகம் தொடங்கியது. பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். வந்தபிறகு வேறொரு சுவர் தெரிந்தது. அந்தப் போட்டியில் வாதத்துக்கு ஆதாரம் என்றால் அட்டை. அச்சில் வந்த பேராசிரியர், ஆய்வு நிறுவனம், பத்திரிகை ஆகியவற்றிலிருந்து வெட்டியெடுத்த பகுதி. கறுப்பர் தெருவில் போலீஸ் எப்படி நடக்கிறது என்று வாஷிங்டனில் உட்கார்ந்து ஒருவர் எழுதினால் அது ஆதாரம். அந்தத் தெருவில் குடியிருக்கிற பிள்ளை சொன்னால் அது கதை. ஆராய்ச்சி செய்ய ஆள் வைத்துக்கொள்கிற பணக்காரப் பள்ளிக்கு அட்டைகள் மலை மாதிரி குவியும். ஏழைப் பள்ளிக்கு எங்கிருந்து வரும்?

2007இல் வந்த ‘ரிசால்வ்டு’ என்கிற ஆவணப்படத்தில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சைச் சேர்ந்த இரண்டு கறுப்பின மாணவர்களைக் காட்டுகிறார்கள். மாநிலப் பட்டம் வென்ற பிள்ளைகள். வென்றபிறகு அந்த ஆட்டத்தின் விதிகளையே கேள்வி கேட்கிறார்கள். பாவ்லோ ஃப்ரெயிரேவைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த வேகமும் இந்த ஆதார முறையும் யாரை வெளியே நிறுத்துகின்றன என்று சுற்றுக்குள்ளேயே வாதிடுகிறார்கள். 2013இல் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்கிற சின்னப் பல்கலைக்கழகத்தின் ரயன் வாஷ், எலைஜா ஸ்மித் என்ற இருவர் கல்லூரி அளவிலான இரண்டு பெரிய தேசியப் பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வென்றார்கள். அதற்குமுன் எந்த அணியும் அப்படி வென்றதில்லை. தீர்மானம் எரிசக்தி உற்பத்தி பற்றியது. அவர்கள் இந்த விவாத அரங்கம் எங்களுக்கு வீடாக இருக்கிறதா என்று கேட்டார்கள். வாஷ் உயர்நிலைப் பள்ளியில் விவாதம் பழகியவர், கான்சாஸ் சிட்டியின் கறுப்பர் பகுதிப் பள்ளியிலிருந்து வந்தவர்.

தலைப்புக்கு வா என்று அவர்களுக்கும் மணி அடித்தவர்கள் உண்டு. அந்த எதிர்ப்பை அப்படியே தள்ளிவிட முடியாது. ஒருத்தன் என் வாழ்க்கைதான் என் வாதம் என்றால் எதிராளி எதை மறுப்பான்? உன் வாழ்க்கை பொய் என்று சொல்ல முடியுமா? பதில் சொல்ல முடியாத வாதம் எப்படி விவாதமாகும்? ஒரு வருஷம் முழுக்க எரிசக்தி பற்றிப் படித்துவிட்டு வந்த எதிரணிப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே?

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நம் பத்திரிகைகளிலும் இதைப் பேசணும். காயத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டுபோய் நடுவர் முன் வைத்தால், நடுவர் ஓட்டுப் போடுவார். மூன்று பேரில் இரண்டு பேர் எதிராக எழுதினால் என்ன ஆகும்? என் அப்பன் செருப்பைக் கையில் தூக்கியது ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றுப்போகுமா? ஜெயித்தாலும் நிலைமை ஒன்றும் நல்லதில்லை. அடுத்த சுற்றுக்கு இன்னும் பெரிய காயம் கொண்டுவா என்று ஆகிவிடும். சாட்சியம் சந்தைக்கு வந்துவிடும்.

1965 பிப்ரவரி 18 அன்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத்தில் ஜேம்ஸ் பால்ட்வின் பேசினார். அமெரிக்கக் கனவு கறுப்பரின் உழைப்பைத் தின்று வளர்ந்ததா என்பது தலைப்பு. எதிரில் வில்லியம் பக்லி. ஓட்டு 544க்கு 164. பால்ட்வின் ஜெயித்தார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அதே நாள் இரவு அலபாமா மாநிலத்து மேரியன் ஊரில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தது. தாயையும் தாத்தாவையும் காப்பாற்றப் போன ஜிம்மி லீ ஜாக்சன் என்கிற இளைஞரை வயிற்றில் சுட்டார்கள். எட்டு நாளில் செத்துப்போனார். 544 ஓட்டு அந்தக் குண்டை நிறுத்தவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு செல்மாவிலிருந்து கிளம்பிய நடைதான் ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் கொண்டுவந்தது.

அப்படியானால் மேடையே வேண்டாமா? அதுவும் இல்லை. இங்கே நமக்கு வழி காட்டுகிற ஒருவர் இருக்கிறார்.

1936இல் லாகூரில் சாதி ஒழிப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தார்கள். அழைத்தவர்கள் சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள். உரையை முன்கூட்டிப் படித்துப் பார்த்தார்கள். சாஸ்திரத்தின் மேலேயே கை வைத்திருந்தார். மாற்றச் சொன்னார்கள், மறுத்தார். மாநாடு நின்றுபோனது. அவர் தன் காசில் 1,500 பிரதி அச்சடித்து வெளியிட்டார். இதுவரை நமக்கெல்லாம் தெரியும். அடுத்து நடந்ததைத்தான் நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. அந்த நூலை எதிர்த்துக் காந்தி எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு போட்டபோது அம்பேத்கர் காந்தியின் எதிர்ப்பையும் அதே புத்தகத்துக்குள் சேர்த்து அச்சிட்டு, அதன் பின்னால் தன் பதிலை வைத்தார்.

வெட்டிப் பேசிய பக்கத்தையும் தன் புத்தகத்துக்குள்ளேயே சுமந்தார். பயப்படவில்லை. ஆனால் அது யார் பேச்சு என்று பெயர் போட்டுச் சுமந்தார். பூவா தலையா போட்டுப் பார்த்துத் தன் பக்கத்தை முடிவு செய்யவில்லை.

என் அண்ணன் மகளுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். எதிராளியின் வாதத்தைப் படி, மனப்பாடம் பண்ணு, அவனைவிட நன்றாகச் சொல்லிக் காட்டு. அதில் பாவமில்லை. பயிற்சிக்காகப் பத்து தடவை வெட்டியும் பேசு. ஆனால் அதைச் சொல்லும்போது உன் பிறப்பைச் சாட்சிக்கு இழுக்கிற கைதட்டல் வந்தால் நிறுத்திவிட்டுச் சொல், இது காசு தந்த பக்கம், என்னுடையது இல்லை என்று. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல விடாத அரங்கம் நியாயமான அரங்கம் இல்லை. அரங்கத்துக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நமக்கு எதிராகப் பேசும்போது எங்கள் பிறப்பை ஆதாரமாக எண்ணுகிற நீங்கள், எங்களுக்காகப் பேசும்போதும் அதை எண்ணுங்கள். இல்லை, இரண்டிலும் எண்ணாதீர்கள். ஓட்டுக்கு விடுவதற்காக நாங்கள் சாட்சியம் சொல்லவில்லை. தலைப்பை யார் வைத்தது என்று கேட்பதற்காகச் சொல்கிறோம்.

இதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்க அன்னைக்கு மேடையில அதச் சொன்னீங்களா சித்தப்பா?” என்று கேட்டாள்.

சொல்லவில்லை. வயசு பத்தொன்பது. சொம்பு பளபளவென்று இருந்தது. மணி அடிபட்டு இறங்கிய என் தெருக்காரன் கூட்டத்தில் எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். நான் பேசியதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதில் சொல்லாமல் விட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்பார்கள். அவன் மௌனத்தை நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் கழித்து அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.